வாய்க்குள் போன ஈ: சிரிப்பு எங்கே இருக்கிறது?

"வாயைப் பொளந்துட்டு நிக்காத கண்ணு, ஈ போயிரும்." நோம்பியில், அதாவது ஊர்த் திருவிழாவில், ராட்டினத்தை அண்ணாந்து பார்த்து நின்ற எங்களிடம் அம்மாவைப் பெற்ற அம்முச்சி சொன்னது. கொங்குப் பக்கம் வளர்ந்தவர்கள் இதை ஒரு தடவையாவது கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். சொல்லும்போதே அம்முச்சிக்குச் சிரிப்பு வந்துவிடும். ஈ இன்னும் போகவே இல்லை, போகக்கூடும் என்கிற நினைப்பே போதுமாக இருந்தது.

அது இப்போது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. கதை எழுதிப் பழகும் தம்பி தங்கைகள் சிலர் எழுதியதை என்னிடம் படிக்கக் கொடுப்பார்கள். கதையில் கொஞ்சம் சிரிப்பு வேண்டும் என்று தோன்றினால், பலரும் கை வைப்பது ஒரே இடத்தில்தான். ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், வாய்க்குள் ஈயோ கொசுவோ போய்விடும், அடுத்த வரியில் "அங்கிருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்" என்று இருக்கும். கதைக்குள் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், சரி. படிக்கிற எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை. கேட்டால், "பூச்சிய முழுங்குனா காமெடிதானுங்களே?" என்று பதில் வரும்.

காமெடிதான். ஆனால் பூச்சியால் வருகிற காமெடி இல்லை அது. சிரிப்பு இருக்கிற இடம் வேறு. அந்த இடத்தை மட்டும் இந்தக் கட்டுரையில் தேடிப் பார்ப்போம்.

பூச்சியே வேடிக்கையா?

கோடை மழை கொட்டி ஓய்ந்த சாயங்காலம், புற்றுக் கண்களிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கை வைத்து, கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, விழுகிற ஈசலை அள்ளி, இறகு போகப் புடைத்து வறுத்து, பொரியோடு கலந்து தின்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. தின்றவர்கள் அருவருப்புப் படவில்லை, பக்கத்தில் இருந்தவர்களும் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு கை குடு" என்றுதான் கேட்டார்கள்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் பாடிய புறநானூற்று 119ஆம் பாட்டில் "செம்புற்று ஈயலின் இன்அளைப் புளித்து" என்று ஒரு வரி வருகிறது. செம்மண் புற்றிலிருந்து வந்த ஈசலை மோர் விட்டுப் புளிங்கறியாகச் சமைப்பதைச் சொல்கிறார். பாரி இறந்த பிறகு, அந்த நாட்டின் வளத்தை நினைத்து ஏங்கிப் பாடிய பாட்டு அது. பூச்சி சாப்பாடு அங்கே ஏக்கத்தின் அடையாளம். கண்ணீர் வரக்கூடிய இடம், சிரிப்பு வராது.

உலகம் முழுக்கப் பார்த்தாலும் கணக்கு அப்படித்தான். மனிதர்கள் தின்கிற பூச்சி வகைகள் 1,900க்கு மேல் இருக்கின்றன என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஆக, பூச்சி வாய்க்குள் போவது மட்டும் வேடிக்கை ஆகாது. விரும்பித் தின்றால் அது பலகாரம். கேட்காமல் வந்து விழும்போதுதான் ஏதோ நடக்கிறது. அந்த 'ஏதோ' என்ன என்பதற்கு முதலில் தொண்டைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

தொண்டை என்கிற மடை

வயலுக்குத் தண்ணீர் கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. மம்முட்டியால் ஒரு மடையைக் கொத்தித் திறந்து, இன்னொரு மடைக்கு மண்ணை இழுத்து அடைத்தால், தண்ணீர் இந்தப் பாத்தியை விட்டு அந்தப் பாத்திக்குப் போகும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பாய வேண்டும்.

தொண்டையும் அப்படி ஒரு சந்திப்பு. அங்கிருந்து இரண்டு குழாய்கள் பிரிகின்றன. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். பேசும்போதும் மூச்சு விடும்போதும் மூச்சுக்குழாயின் வாசல் திறந்திருக்கும். விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பும், அதன் மேல் ஒரு சின்ன மடல் கவிழ்ந்துகொள்ளும். அந்த மடலுக்குக் குரல்வளை மூடி என்று பெயர். மடைக்கு இழுத்து வைத்த மண் மாதிரி அது. அது கவிழ்ந்திருக்கும் நேரத்தில் மூச்சும் நிற்கும், பேச்சும் நிற்கும்.

இதில் ஒரு பகுதி நம் கையில் இல்லை. நாக்கில் இருக்கிற பண்டத்தை மெல்லலாமா, துப்பலாமா என்று நாம் முடிவு செய்யலாம். தொண்டையின் பின்பக்கம் ஒன்று பட்டு, விழுங்கல் தொடங்கிவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. ஒரு நொடி அளவில் காரியம் முடிந்துவிடும். இப்படி நம்மைக் கேட்காமல் உடம்பு தானாகச் செய்வதைத்தான் அனிச்சைச் செயல் என்கிறார்கள். குரல்வளைப் பக்கம் பட்டால் இருமல் வரும், அதுவும் அனிச்சைதான்.

சுருக்கமாக: ஒரே வாய் இரண்டு வேலை செய்கிறது, பேசுவதும் விழுங்குவதும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. ஈ உள்ளே வந்ததும், பேச்சு வேலையில் இருந்த வாயை உடம்பு பிடுங்கி விழுங்கும் வேலைக்கு அனுப்பிவிடுகிறது. பேசிக்கொண்டிருந்தவரிடம் அனுமதி கேட்பதில்லை.

பெரிய பேச்சுக்குப் பெரிய மூச்சு

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது.

சும்மா இருக்கும்போது மூக்கால் மெதுவாக மூச்சு விடுகிறோம். பேசும்போது அதற்கெல்லாம் நேரமில்லை. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் வாயைத் திறந்து சட்டென்று காற்றை உள்ளே இழுக்கிறோம். சொல்லப்போவது நீளமாகவோ சத்தமாகவோ இருந்தால் இழுப்பும் பெரிதாக இருக்கும். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் "நான் சொல்றேன் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி ஒரு இழுப்பு இழுப்பார் பாருங்கள், அது.

அந்த இழுப்பில்தான் பூச்சி உள்ளே போகிறது. அதாவது, ஒருவர் தன் வாழ்க்கையிலேயே பெரிய வார்த்தையைச் சொல்ல ஆயத்தமாகிற நொடியும், அவர் வாய் மிக அகலமாகத் திறந்து காற்றைப் பலமாக உறிஞ்சுகிற நொடியும் ஒன்றுதான். கதை எழுதுகிறவர் வலிந்து பொருத்த வேண்டியதே இல்லை. பெருமையையும் பூச்சியையும் உடம்பே ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி வைத்திருக்கிறது.

பொழுது சாய்கிற நேரம், மைக்குக்கு மேலே டியூப் லைட், பக்கத்தில் நெல் வயல். இது மூன்றும் இருந்தால் மேடையில் நிற்பவரின் வாய்க்குக் காவல் கிடையாது.

கரும்பாலையில் ஒரு ஈ

சொல்லிக்கொண்டே போனால் புரியாது. ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு கரும்பாலை. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்குப் பேர் போன ஊர், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக்கூட அங்கிருந்து சர்க்கரை வாங்குகிறார்கள். கொப்பரையில் கரும்புப்பால் கொதிக்கிறது. அடுப்பில் காய்ந்த சக்கை எரிகிறது. இனிப்பு இருக்கிற இடத்தில் ஈ இல்லாமல் இருக்குமா?

முதலில் ஒரு சுமாரான வடிவம். "ஆலைக்காரர் வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு ஈ அவர் வாய்க்குள் போய்விட்டது. அவர் அதை விழுங்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்." இது போலீஸ் புகார் மாதிரி இருக்கிறது. நடந்தது எல்லாம் இருக்கிறது, சிரிப்பு மட்டும் காணோம். ஆலைக்காரர் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்பதே நமக்குத் தெரியாது.

சரி, அவருக்கு ஒரு பேச்சைக் கொடுப்போம். வெள்ளை வேட்டி, மடித்த கை, வந்திருப்பவர் வெளியூர் வியாபாரி. போன வருசம் சர்க்கரையில் தூசி இருந்தது என்று அவருக்கு ஒரு மனக்குறை.

"சுத்தபத்தம்னா நம்ம ஆலைதானுங்க. நாஞ் சொல்றத நம்ப வேண்டாம், நீங்களே சுத்தியும் பாருங்க." ஆலைக்காரர் கையை வீசி ஆலை முழுவதையும் காட்டினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "நம்ம ஆலையில ஒரு ஈ..."

வாய் மூடிக்கொண்டது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

வியாபாரி காத்திருந்தார். கொப்பரை கொதித்தது.

"ஒரு ஈ...?" என்றார் வியாபாரி.

ஆலைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றார்.

"இருந்துச்சுங்."

இந்த வடிவத்தில் ஈ எப்படி இருந்தது, எந்த நிறம், எத்தனை கால் என்று ஒரு சொல் இல்லை. ஈ உள்ளே போனதைக்கூட நான் எழுதவில்லை. யாரும் சிரித்ததாகவும் எழுதவில்லை. வேலை முழுக்க வாய் செய்தது.

முடிக்காத வாக்கியம்

மேலே இருக்கிற காட்சி தமிழில் இவ்வளவு சுலபமாக வரக் காரணம் உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்கிறது. இருக்கிறதா இல்லையா, செய்தேனா செய்யவில்லையா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் தெரியும். "நம்ம ஆலையில ஒரு ஈ" என்பது வரை யாருக்கும் எதுவும் தெரியாது. "பாக்க முடியாதுங்க" என்று முடிந்தால் பெருமை. பாதியில் நின்றால், அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி தொங்குகிறது. ஆலைக்காரர் ஈயோடு சேர்த்து அந்த 'முடியாது' என்பதையும் விழுங்கிவிட்டார்.

இன்னொன்று, அந்தக் கடைசி 'ங்'. நம் பக்கம் மரியாதை எல்லாம் வாக்கியத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்க, சொல்லுங்க, ஆமாங்க. அவசரத்தில் 'க' கூட உதிர்ந்துபோகும், 'ங்' உதிராது. தொண்டையில் ஈ இறங்கிக்கொண்டிருக்கும்போதும் ஆலைக்காரர் மரியாதையை விடவில்லை. அவர் மானத்தில் மிச்சம் இருக்கிற ஒரே எழுத்து அது. அதை எடுத்துவிட்டு "இருந்துச்சு" என்று மட்டும் படித்துப் பாருங்கள், பாதிச் சிரிப்பு போய்விடும்.

இந்த மாதிரி, சிரிப்புக்கு முன்னாலேயே போட்டு வைக்கிற அடித்தளத்தை முன்னேற்பாடு என்போம். சினிமாக்காரர்கள் லீட் என்கிறார்கள். வியாபாரியின் பழைய மனக்குறை, வெள்ளை வேட்டி, வீசிய கை எல்லாம் முன்னேற்பாடு. ஈ வருவது கடைசியில் ஒரே ஒரு நொடி.

சுருக்கமாக: எதைப் பற்றிய பெருமையோ அதையே ஈ வந்து தொட வேண்டும். வாக்கியம் முடிவதற்கு முன்னால் வர வேண்டும். ஈயைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

நாம் ஏன் சிரிக்கிறோம்?

இதைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். மூன்று பேரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் தொல்காப்பியம். அதன் மெய்ப்பாட்டியலில் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கிற இடங்கள் நான்கு என்று சொல்லியிருக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். மெய்ப்பாடு என்றால், மனத்தில் தோன்றுவது உடம்பில் வெளிப்படுவது. நம் ஆலைக்காரர் காட்சி எள்ளலில், அதாவது கேலியில், வரும். அதற்கு உரை எழுதியவர்களில் பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர், எள்ளல் இரண்டு வகை என்கிறார். பிறரை எள்ளி நாம் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். "இருந்துச்சுங்" என்று சொன்ன ஆலைக்காரர் அந்த இரண்டாவது வகைக்குப் பாதி வழி வந்துவிட்டார். அதனால்தான் அவரை நமக்குப் பிடிக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரல் என்று ஒன்றும் உண்டு, தாழ்ந்துபோன உணர்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சியை விழுங்கியவருக்கு உள்ளே இளிவரல், பார்த்தவருக்கு வெளியே நகை. அதே நொடி, இரண்டு மெய்ப்பாடு.

அடுத்தவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சன். சிரிப்பைப் பற்றி 1900இல் ஒரு சின்ன நூல் எழுதினார். சொற்பொழிவின் மிக உருக்கமான கட்டத்தில் பேச்சாளர் தும்மினால் ஏன் சிரிக்கிறோம் என்று அதில் கேட்கிறார். நம் கவனம் அவர் மனத்திலும் சொல்லிலும் இருக்கும்போது, திடீரென்று உடம்பு குறுக்கே வந்து "நானும் இருக்கிறேன்" என்று காட்டுவதுதான் காரணம் என்பது அவர் விளக்கம். தும்மலுக்குப் பதில் ஈ என்று போட்டால் நம் காட்சிதான்.

மூன்றாவது, 2010இல் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து. இருவரையும் சேர்த்து ஒன்றாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது தீங்கற்ற மீறல். ஏதோ ஒரு ஒழுங்கு மீறப்பட வேண்டும், அதே சமயம் ஆபத்து ஒன்றும் இல்லை என்றும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் மனத்தில் இருந்தால் சிரிப்பு வருகிறது.

எங்கே சிரிப்பு நிற்கும்?

அந்தத் 'தீங்கற்ற' என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈயோ கொசுவோ போனால், இரைப்பையில் இருக்கிற அமிலம் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலும் கொஞ்சம் இருமல், கொஞ்சம் கண்ணீர், ஒரு சொம்பு தண்ணீர், அவ்வளவுதான். தேனீயும் குளவியும் அப்படி இல்லை. தொண்டைக்குள் கொட்டிவிட்டால் வீக்கம் மூச்சை அடைக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தென்னந்தோப்பில் கதண்டு என்கிற பெரிய குளவியின் கூட்டைக் கண்டு ஓடியவர்களிடம் "கதண்டு வாய்க்குள்ள போச்சாம்" என்று கதை சொல்லிப் பாருங்கள், ஒருவரும் பல்லைக் காட்ட மாட்டார்கள். கரும்பாலையில் தேனீயும் மொய்க்கும் என்று தெரிந்தேதான் நான் ஈயை எடுத்துக்கொண்டேன்.

அளவும் முக்கியம். கரப்பான் என்றால் படிப்பவருக்குக் குமட்டல், பல்லி என்றால் பயம். விழுங்கியவர் குழந்தையாகவோ நோயாளியாகவோ இருந்தால் பதற்றம் வரும். பசியில் வாடுகிறவர் கஞ்சியில் ஈ விழுந்தால் அது சோகக் கதை. நிமிர்ந்து நிற்க வசதி உள்ள ஆள் வேண்டும், விழுவதற்கு உயரம் வேண்டுமே.

அப்புறம் என்ன ஆச்சு?

நிறையப் பேர் விழுங்கியதோடு காட்சியை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிந்தியதுதான் சுவையாகப் படுகிறது. ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதா, துப்புவதா, ஒப்புக்கொள்வதா? மறைக்கிற ஆளிடம் சிரிப்பு நீளும்.

பழனிக்கு மாலை போட்டவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசப் பாதயாத்திரைக்கு இன்னும் ஒரு வாரம். கறி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை போட்ட பிஸ்கட்கூட வேண்டாம் என்று வீட்டையே ஆட்டி வைக்கிறார். பேரனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போது வாய்க்குள் பூச்சி. விழுங்கியும் விட்டார். இப்போது விரதம் கெட்டதா இல்லையா? பேரன் கேட்கிறான், "அப்புச்சி, அது சைவப் பூச்சிங்களா?" இதில் ஈ ஒரு நொடி, வாக்குவாதம் ஒரு ராத்திரி முழுக்க ஓடும். ஒரு சிறுகதைக்கு அதுவே தாராளம்.

பார்க்க ஆள் இருக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். எனக்கே ஒரு தடவை நடந்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலத்துக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்து நெல் வயல்கள், மங்கல் வெளிச்சம், காற்று நன்றாக இருந்தது. ஆள் இல்லாத ரோடு என்ற தைரியத்தில் பாட்டை எடுத்தேன். உச்சஸ்தாயிக்குப் போவதற்கு முன்னால் மூச்சை இழுத்தேன். உள்ளே போனது எது என்று இன்றுவரை தெரியாது, சின்னதாக, கொஞ்சம் கசப்பாக இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி இருமினேன், வாய் கொப்பளித்தேன். சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முழுக்க இளிவரல், நகைக்கு ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதறவில்லை. கொள்ளுப் பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டார்.

"நீயா பாடுன?"

"ஆமாம்மா."

"சத்தமாவா?"

"ஆமாம்மா."

"அப்ப அது தெரியாம வந்து விழலைடா. நிறுத்தோணும்னுதான் வந்துருக்குது."